தங்கையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்

கேள்வி:

ஐயா, எனக்கு 37 வயது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆலயமும் ஜெபமும் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஆனால் ஆண்டவருக்கு என்னை முழுதாக ஒப்புக்கொடுத்தது, இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா இறந்தபோதுதான். "இனி உமக்குக் கீழ்ப்படிந்தே வாழ்வேன்" என்று அன்று அழுது ஜெபித்தேன். அதற்கு முன்பு இருந்த நிம்மதிகூட இப்போது இல்லை.

ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதக் கடைசியில் விற்பனை இலக்கு எட்டவில்லை என்றால், அடுத்த மாதம் போகவேண்டிய சரக்குக்கு இந்த மாதத் தேதியிலேயே பில் போடச் சொல்வார் மேலாளர். நானும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதுதான் தேவசித்தமோ என்று 21 நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். தெளிவு கிடைக்கவில்லை. எங்கள் ஜெபக்குழுத் தலைவர், "என்னைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது, எனக்குக் கீழ்ப்படிவதுதான் தேவனுக்குக் கீழ்ப்படிவது" என்கிறார். கணவரோ, "எல்லாவற்றுக்கும் ஒரு அளவு வேண்டும்" என்கிறார். அம்மாவின் சிகிச்சைக்காக என்னிடம் இருந்த பணத்தில் மீதியைப் பற்றித் தங்கை கேட்டபோது, எல்லாம் செலவாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து அவளோடு பேச்சு இல்லை, அது வேறு விஷயம். கோபத்தையும் நாக்கையும் அடக்க முடியாமல் மறுபடி மறுபடி விழுகிறேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. தேவனுக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்து வாழ நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஊழியத்தைப் பற்றிப் பல வரிகள். அலுவலகத்தைப் பற்றிப் பல வரிகள். தங்கையைப் பற்றி ஒரே ஒரு வரி, அதன் கடைசியில் "அது வேறு விஷயம்" என்று ஒரு முற்றுப்புள்ளி. போதகராகவும் ஆலோசகராகவும் பல வருடம் மனிதர்களின் கதைகளைக் கேட்டதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒருவர் "அது வேறு விஷயம்" என்று ஒதுக்கி வைக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் விஷயமே இருக்கும். உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் அந்த வரியை எழுதாமலே விட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனால் எழுதினீர்கள். உங்களை எழுதவைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் 21 நாளாகக் காத்திருந்த குரல் ஒருவேளை அந்த ஒரு வரியில் வந்திருக்கிறது.

கீழ்ப்படிதல் என்ற வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். பலருக்கு அது கேட்டவுடனே தலை குனிந்து நிற்கிற ஒரு வேலைக்காரனின் படத்தைத் தருகிறது. ஆனால் வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "பிள்ளை என் பேச்சைக் கேட்கிறான்" என்றால் அவன் சொன்னதைச் செய்கிறான் என்று அர்த்தம். "சொன்னால் கேட்பதே இல்லை" என்றால் காது மந்தம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வேதத்தின் மொழிகளிலும் இதே கதைதான். பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் "ஷமா" என்ற ஒரே சொல் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் வருகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கீழ்ப்படிதலுக்கு வரும் "ஹூபகோஏ" என்ற சொல்லுக்குள்ளும் கேட்பது என்ற வேர்ச்சொல் இருக்கிறது. கேட்டுவிட்டுச் செய்யாமல் இருந்தால், அந்த மொழிகளின் கணக்குப்படி நாம் இன்னும் கேட்கவே இல்லை.

அடுத்தது, யார் பேச்சைக் கேட்கிறோம் என்பது. பத்துக் கட்டளைகள் வருகிற யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முதல் கட்டளைக்கு முன்பு ஒரு வரி இருக்கிறது. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." ஜனங்கள் ஏற்கனவே விடுதலையாகிக் கடலைக் கடந்து வந்துவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் கட்டளை வருகிறது. எகிப்திலேயே பலகையைக் கொடுத்து, "இந்தப் பத்தையும் சரியாகச் செய்யுங்கள், அப்புறம் விடுவிக்கிறேன்" என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறதோ என்று தோன்றுகிறது. அம்மாவை இழந்த துக்கத்தில் ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். அதைக் காப்பாற்றினால்தான் தேவன் உங்களைச் சேர்த்துக்கொள்வார் என்ற பயம் அன்றிலிருந்து கூடவே வருகிறது. இந்தப் பயத்தோடு செய்கிற எதுவும் நிம்மதி தராது சகோதரி. அது தவணை கட்டுகிற மாதிரி. ஒரு மாதம் தவறினால் தூக்கம் போய்விடும். நீங்கள் ஒப்புக்கொடுப்பதற்கு முன்பே கிறிஸ்து உங்களுக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்துவிட்டார். "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று யோவான் 14இல் அவர் சொன்னது, சீஷர்களின் கால்களைக் கழுவித் துடைத்த அதே இராத்திரியில். கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள் சொன்ன வார்த்தையாகத்தான் அதை நான் எப்போதும் படிக்கிறேன்.

சரி, இப்போது தங்கைக்கு வருவோம்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு காட்சியைச் சொல்கிறார். ஒருவன் பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிறான். தன்பேரில் சகோதரனுக்கு ஒரு குறை உண்டென்று அங்கே நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்து என்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கலிலேயர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பலிபீடம் எருசலேமில் இருந்தது. கலிலேயாவிலிருந்து அங்கே போக நூறு கிலோமீட்டருக்கும் மேல், சில நாள் நடை. காணிக்கையை வைத்துவிட்டு அவ்வளவு தூரம் திரும்பி நடந்து, சகோதரனிடம் பேசி, மறுபடியும் அவ்வளவு தூரம் வரவேண்டும். அவ்வளவு சிரமப்பட்டாலும் அந்த வரிசைதான் சரி என்கிறார் ஆண்டவர்.

இன்னொன்று. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கம் உங்கள் விஷயத்தையே பேசுகிறது. தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளைக் குறித்துப் பொய் சொன்னவன் என்ன செய்யவேண்டும்? முழுத் தொகையையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, உரியவனிடம் கொடுக்க வேண்டும். எப்போது? குற்றநிவாரண பலி செலுத்துகிற அதே நாளில். தேவனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிற பாதை, ஏமாற்றப்பட்ட மனிதனின் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. இஸ்ரவேலுக்குக் கொடுத்த அந்தச் சட்டத்தின் கணக்கை அப்படியே உங்கள் தலையில் சுமத்த நான் வரவில்லை. ஆனால் மனந்திரும்புதலுக்குத் தொகையும் தேதியும் முகவரியும் உண்டு என்று அது எனக்குக் கற்றுக்கொடுத்தது. வரி வசூலித்த சகேயுவின் வீட்டிலும் அதுதானே நடந்தது? அவன் எழுந்து நின்று, தன் ஆஸ்திகளில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று கணக்குச் சொன்னான்.

உங்கள் மனதில் என்ன எழும் என்று ஊகிக்கிறேன். "அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான். இராத்திரி பகலாக மருத்துவமனையில் இருந்தது நான். அவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த மீதிப் பணம் எனக்கு வந்தால் என்ன தப்பு?" இப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இது போன்ற கதைகளில் இப்படி ஒரு நியாயம் பின்னால் நிற்கும். அதில் உண்மைகூட இருக்கலாம். அந்த உழைப்பைத் தங்கையிடம் வெளிப்படையாகச் சொல்லி, "இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்டிருக்கலாம். பொய் சொன்னதுதான் இப்போது நடுவில் நிற்கிறது. பணத்தைவிட அதுதான் கனம்.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், ஒரு கூட்டத்தில் உடன் ஊழியர் ஒருவரைப் பற்றி நான் சொன்னது முழு உண்மையாக இல்லை. ஒரு பாதியை மட்டும் சொல்லி, மறுபாதியை வேண்டுமென்றே விட்டேன். அவர் பொறுப்பு கைமாறிப் போனது. ஆறு வருடம் அதைப் பற்றித் தேவனிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். மன்னிக்கப்பட்டேன் என்று வசனங்களைச் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பிரசங்கத்தில் "உண்மை" என்ற வார்த்தை வரும்போதெல்லாம் குரல் தடுமாறும். ஒருநாள் அவருக்கு எழுதினேன். இரண்டு வரி பதில் வந்தது. மன்னித்ததாகச் சொன்னார், மேற்கொண்டு பேச விரும்பவில்லை என்றும் சொன்னார். பழைய நட்பு திரும்பவில்லை. அந்த வலி இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று இரவு நான் ஜெபித்தபோது ஆறு வருடத்தில் முதல் தடவையாக, நடுவில் எதுவும் இல்லாமல் ஜெபித்தேன்.

ஆகவே தங்கைக்கு எழுதுங்கள், அல்லது நேரில் போங்கள். எழுதுவதானால் சுருக்கமாக எழுதுங்கள். "நீ கேட்டபோது நான் பொய் சொன்னேன். அன்று என்னிடம் மீதி இருந்தது இவ்வளவு. இதில் உன் பங்கை அனுப்புகிறேன். செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு." இது போதும். "ஆனால்" என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் எங்கேயும் வரவேண்டாம். உங்கள் கஷ்டங்களைச் சொல்ல வேறொரு நாள் வரும். தயவுசெய்து வசனம் எழுதாதீர்கள். மன்னிக்க வேண்டியது அவள் கடமை என்று அவளுக்கு வேதத்திலிருந்து நினைவூட்டுகிற உரிமை, தப்புச் செய்த நமக்கு இல்லை. "உடனே பதில் போடு" என்றும் கேட்காதீர்கள். எவ்வளவு நாள் ஆனாலும் அவள் எடுத்துக்கொள்ளட்டும். மீதித் தொகை இப்போது கையில் இல்லை என்றால், எத்தனை மாதத்தில் எவ்வளவு என்று எழுதி அதைக் கைக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்பு கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். "ஒரு அளவு வேண்டும்" என்று அவர் சொல்வது உங்கள் உபவாசத்தையும் கூட்டங்களையும் பார்த்து என்று நினைக்கிறேன். தங்கையிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று நீங்கள் நின்றால், அவர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

சவுல் ராஜாவின் கதை உங்களுக்குத் தெரியும். 1 சாமுவேல் 15இல் அவன் சாமுவேலைப் பார்த்ததும் முதலில் சொல்வது, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்பதுதான். அந்த நேரத்தில் பின்னால் ஆடு மாடுகளின் சத்தம் கேட்கிறது, அழிக்கச் சொன்னவற்றில் அவன் தப்பவைத்தவை. எதற்கு என்று கேட்டால், கர்த்தருக்குப் பலியிட என்கிறான். (அந்த அதிகாரத்தின் போர்க் கட்டளை எனக்கும் படிக்கக் கடினமானது. அதைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும்.) அப்போது வருகிறது சாமுவேலின் வார்த்தை. "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." சில வசனங்கள் தள்ளி, சவுல் காரணத்தை ஒப்புக்கொள்கிறான். "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்." அவனும் கேட்கத்தான் செய்தான், அவன் கேட்டது ஜனங்களின் பேச்சை. பெரிய பலி ஒன்றைக் கொடுத்து, சொன்ன சின்னக் காரியத்தைச் செய்யாமல் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் அவனோடு முடிந்துபோகவில்லை, என்னிடமும் இருக்கிறது. உங்கள் 21 நாள் உபவாசத்தை நான் மதிக்கிறேன். அதன் ஏக்கம் உண்மையானது. ஆனால் தெரியாத சித்தத்தைத் தேடி 21 நாள் இருந்தீர்கள், தெரிந்த சித்தம் ஒரு தபால்தலை தூரத்தில் காத்திருந்தது.

அடுத்து அலுவலகம். இங்கே நான் கொஞ்சம் நேராகவே பேசவேண்டும். போகாத சரக்குக்குப் போனதாகத் தேதியிட்டு பில் போடுவது பொய்க் கணக்கு. எல்லா இடத்திலும் நடக்கிறது என்பதால் அது வேறாகிவிடாது. அந்த எண்ணை நம்பி யாரோ கடன் கொடுக்கிறார்கள், யாரோ முதலீடு செய்கிறார்கள், யாருக்கோ ஊக்கத்தொகை போகிறது. பில்லில் உங்கள் கை இருப்பதால் நாளைக்குச் சட்டப்படி கேள்வி வந்தால் உங்களிடமும் வரும்.

ஆனால் நாளைக்கே ராஜினாமாக் கடிதத்தோடு போய் நிற்கச் சொல்லமாட்டேன். தானியேல் 1ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று தானியேல் மனதில் முதலில் தீர்மானிக்கிறான். அதன் பிறகு அவன் சத்தம் போடவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொள்கிறான். அந்த மனிதனுக்கும் ஒரு பயம் இருக்கிறது, பையன்கள் மெலிந்துபோனால் ராஜாவிடம் தன் தலைக்கு ஆபத்து. அந்தப் பயத்தைத் தானியேல் புரிந்துகொள்கிறான். மேல்விசாரிப்புக்காரனிடம் போய், பத்துநாள் சோதித்துப் பாரும் என்று ஒரு மாற்றுவழியைக் கொடுக்கிறான். உறுதி உள்ளே, மரியாதை வெளியே. உங்கள் மேலாளருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஒரு பயம் இருக்கும். மாதக் கடைசி நாள் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே தனியாகப் போய்ப் பேசுங்கள். "சார், இனிமேல் சரக்குப் போன தேதியில்தான் பில் போடுவேன். இலக்கு குறைந்தால் ஏன் குறைந்தது, எந்த ஆர்டர் எந்தத் தேதியில் போகும் என்று ஒரு அறிக்கை நானே தயார் செய்து தருகிறேன்." அவருக்கு எடுத்துக் காட்ட உண்மையான ஒரு தாள் கிடைக்கும். பேசியதை அன்றே அவருக்கு ஒரு சிறு மின்னஞ்சலாகவும் எழுதிவிடுங்கள். பழைய பில்களைப் பற்றி எதுவும் செய்வதற்கு முன், நம்பிக்கையான ஒரு தணிக்கையாளரிடமோ வழக்கறிஞரிடமோ ஆலோசனை கேளுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போலக் கபடற்றவர்களுமாய் இருங்கள் என்று சொன்னவர் நம் ஆண்டவர்தான்.

மேலாளர் சம்மதிக்காவிட்டால்? அப்போது உங்களுக்குக் கஷ்டம் வரலாம், வேலையே போகலாம். கீழ்ப்படிந்தால் பதவி உயர்வு வரும், எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் ராஜாவிடம், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, "விடுவியாமற்போனாலும்" என்ற ஒரு சொல்லையும் சொன்னார்கள். என் ஊழியத்தில் நான் அதிகமாகத் திரும்பிப்போய்ப் படித்த சொல் அதுதான். இந்த ஒரு சொல்லுக்காகவும் உங்கள் கணவர் இதில் உங்களோடு இருக்க வேண்டும். விலை இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வரும்.

ஜெபக்குழுத் தலைவரைப் பற்றி. "எனக்குக் கீழ்ப்படிவதுதான் தேவனுக்குக் கீழ்ப்படிவது" என்பது ஆபத்தான பேச்சு. அதை எந்த மனிதன் சொன்னாலும், அவர் எவ்வளவு ஜெபிக்கிறவராக இருந்தாலும், ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்போஸ்தலனாகிய பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது, "உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்" என்கிறார். பெரோயா பட்டணத்தார் அதே பவுலின் போதனையை வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். அதற்காக அவர்களைக் கலகக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17 புகழ்கிறது. உங்கள் தலைவர் எபிரெயர் 13:17ஐக் காட்டுவார். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அங்கே இருப்பது உண்மை. ஆனால் அங்கே வரும் கிரேக்கச் சொல் நான் முன்பு சொன்ன "ஹூபகோஏ" குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. இணங்கவைக்கப்படுவது, சொல்லை ஏற்று நம்புவது என்ற பொருளுள்ள வேறு சொல். நல்ல மேய்ப்பனின் பேச்சுக்கு மனம் இணங்கிப் போவது ஒன்று, முடிவெடுக்கும் மனதையே இன்னொருவர் கையில் கொடுப்பது வேறொன்று. உங்கள் வீட்டு விஷயம், வேலை, பணம், திருமண உறவு எல்லாவற்றிலும் தன் அனுமதியைக் கேட்க வேண்டும் என்கிறார் என்றால், கேட்காதபோது தண்டனையோ மிரட்டலோ வருகிறது என்றால், அந்தக் குழுவிலிருந்து விலகுங்கள். சபையில் முதிர்ந்த வேறு இரண்டு பேரிடம், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், இதைச் சொல்லுங்கள். தேவனுக்குக் கீழ்ப்படிகிறவர்கள் அதனாலேயே சில மனிதருக்குக் கீழ்ப்படியாமல் போகவேண்டி வரும். பேதுருவும் யோவானும் ஆலோசனை சங்கத்தின் முன்னால் நின்றது அப்படித்தான்.

முழுநேர ஊழியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1785இல் இங்கிலாந்தில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற 26 வயது நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதே தவிப்பு வந்தது. புதிதாக விசுவாசத்துக்கு வந்திருந்தார், அரசியலை விட்டுவிட வேண்டுமோ என்று குழம்பினார். ஆலோசனை கேட்டுப் போனது ஜான் நியூட்டன் என்ற முதிய போதகரிடம். இருக்கிற இடத்திலேயே இரு என்றார் நியூட்டன். வில்பர்ஃபோர்ஸ் இருந்தார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஏறக்குறைய 20 வருடம் போராடி, 1807இல் அதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. எல்லோரும் இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும் என்று இதிலிருந்து விதி எடுக்க முடியாது. சிலரை ஆண்டவர் வலைகளை விட்டு வரச் சொன்னார். ஆனால் வேலையில் நெஞ்சு உறுத்துகிறது என்பதால் ஊழியத்துக்குப் போவது அழைப்பு ஆகாது. அந்த உறுத்தலுக்கு அங்கேயே பதில் சொன்ன பிறகும் அழைப்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டுமானால் ஒரு வருடம் கழித்து மறுபடியும் கேட்கலாம். தேவன் அவசரப்படுத்துகிறவர் இல்லை.

அந்த நியூட்டனின் சொந்தக் கதைதான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் என்னிடம் இருக்கிற பதில். 1748இல் கடலில் புயலில் சிக்கித் தேவனை நோக்கிக் கூப்பிட்டவர் அவர். அதோடு எல்லாம் மாறிவிட்டது என்றுதான் பல மேடைகளில் சொல்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகவே ஆனார். கப்பலில் ஜெபமும் நடந்தது, கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்களும் இருந்தார்கள். 1754இல் கடல் பயணத்தை விட்டதும் உடல்நிலையால்தான். அந்த வியாபாரத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் எழுதியது 1788இல். புயலிலிருந்து 40 வருடம். இதை அவருக்குச் சாக்காக நான் சொல்லவில்லை, அந்த 40 வருடத்தில் சங்கிலியில் இருந்தவர்களுக்கு அது சாக்காகாது. அதனால்தான் தெரிந்த ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள் என்று உங்களிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஆனால் அவ்வளவு தாமதமாகக் கேட்டவனையும் தேவன் கைவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விழுவது கோபத்திலும் நாக்கிலும் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கையின் விஷயம் உள்ளே புண்ணாக இருக்கும்போது, கோபம் யார் மேலாவது பாயத்தான் செய்யும். முதலில் அது ஆறட்டும், கோபத்தில் பாதி தானாகக் குறையலாம். மீதிக்கு நாளாகும். எபிரெயர் 5:8 இயேசுவைப் பற்றியே, அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது. பாவமில்லாத அவருக்கே அது பாடுகளின் வழியாக வந்தது என்றால், நமக்கு ஒரே இராத்திரியில் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? கெத்செமனேயில் அவரும் முதலில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதான் கேட்டார். தனக்கு என்ன வேண்டும் என்று பிதாவிடம் மறைக்கவில்லை. நீங்களும் மறைக்க வேண்டாம். "தங்கையிடம் போக எனக்கு இஷ்டமில்லை ஆண்டவரே, பயமாக இருக்கிறது" என்று சொல்லியே ஜெபிக்கலாம். அதுவும் கீழ்ப்படிகிறவர்களின் ஜெபம்தான்.

மன்னிப்புக் கேட்க வெட்கம் என்கிறீர்கள். பேதுரு மறுதலித்த பிறகு, ஆண்டவர் கரையில் கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். சாப்பிட்ட பிறகு மூன்று தடவை கேட்டது, "என்னை நேசிக்கிறாயா" என்பதைத்தான். இனிமேல் விழமாட்டாய் என்று எழுதித் தா என்று கேட்கவில்லை. நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார் என்று யோவான் எழுதியது, புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கனவே விசுவாசித்து, மறுபடியும் விழுந்துகொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதினார்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தங்கைக்கு எழுதுங்கள். மேலாளரிடம் பேசுவது மாதக் கடைசிக்குள் நடந்தால் போதும். மற்றவை அப்படியே இருக்கட்டும். உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம் என்று சங்கீதக்காரன் பாடிய காலத்தில், தீபம் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற எண்ணெய் விளக்கு. அது அடுத்த அடியைத்தான் காட்டும்.

கடிதத்தை அனுப்பிய பிறகு, தங்கையிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்தே யோசிப்போம். அதுவரை உங்களையும், கணவரையும், பெயர் தெரியாத அந்தத் தங்கையையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.